ஏழும் மூன்றும்: ஏஎம்எல் கீமோ எடுத்துக்கொண்டவளின் விமர்சனம்

முதலில் கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன். எனக்கு வந்தது ஏஎம்எல், அதாவது அக்யூட் மைலாய்ட் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதற்கு "செவன் பிளஸ் த்ரீ ஆரம்பிக்கப் போறோம்" என்று டாக்டர் சொன்னதும் நானும் அக்காவும் பத்து நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டோம். பத்து நாள் வார்டு, அப்புறம் வீடு. அக்கா அதற்கேற்ற மாதிரிதான் துணி எடுத்து வந்திருந்தாள். உண்மையில் அந்த மூன்று, ஏழுக்குள்ளேயே அடக்கம். சைட்டரபின் என்ற கீமோ மருந்து ஏழு நாள் ஓடும், அதில் முதல் மூன்று நாள் டௌனோரூபிசின் என்ற இன்னொன்றும் சேர்ந்து போகும், அவ்வளவுதான், மொத்தமே ஏழு நாள். ஆனால் நான் வார்டை விட்டு வெளியே வந்தது 33-ஆம் நாள். மருந்து நின்ற பிறகு கிடந்த அந்த 26 நாள்தான் நிஜமான சிகிச்சை என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 41. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியாத நீலத் திட்டுகள், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தசோகைதான் என்று நானே தீர்ப்பு எழுதி இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். ரத்தம் கொடுத்த அன்று சாயங்காலமே பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது: ஹீமோகுளோபின் 6.8, பிளேட்லெட் 19,000, வெள்ளணு 48,000. இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் பிளாஸ்ட் 64 சதவீதம். பிளாஸ்ட் என்றால் இன்னும் வேலை கற்றுக்கொள்ளாத குட்டிச் செல். நல்ல மஜ்ஜையில் 5 சதவீதத்துக்குள் இருக்கும், பொதுவாக 20-ஐத் தொட்டுவிட்டால் ஏஎம்எல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தக் குட்டிகள் கற்றுக்கொள்ளவும் மாட்டா, சாகவும் மாட்டா, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். மற்ற செல்கள் பிறக்க இடமில்லாமல் போவதால்தான் அந்த ரத்தக் கசிவும் மூச்சிரைப்பும்.

பெயரில் இருக்கும் 'அக்யூட்' என்பதற்கு 'கடுமையான' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். 'விறுவிறுவென்று' என்பதுதான் சரி. வாரக்கணக்கில் முற்றுகிற நோய் இது. இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கலாம், அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம் என்பதற்கெல்லாம் நேரமில்லை.

மருந்து ஏறுவதற்கு முந்தைய நான்கு நாளில் நிறைய நடந்தது, அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கு எக்கோ. புஜத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகிற பிக் லைன் என்ற மெல்லிய குழாய். வெள்ளணுவைக் கொஞ்சம் அடக்கிவைக்க ஹைட்ராக்சியூரியா. செல்கள் மொத்தமாகச் சாகும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகத்தை அடைத்துவிடாமல் இருக்க அலோபியூரினால், கூடவே நாள் முழுக்க சலைன். அப்புறம் மாதவிலக்கை நிறுத்தி வைக்க ஒரு ஹார்மோன் மாத்திரை. இதை ஏன் யாரும் எழுதுவதே இல்லை என்று தெரியவில்லை. பிளேட்லெட் பத்தாயிரத்தில் கிடக்கும்போது மாதவிலக்கு வந்தால் அது சாதாரண விஷயம் இல்லை, பெண்கள் அதை முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்களுக்கு விந்தணுவைச் சேமித்துவைக்க ஒரு நாள் போதும், பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும், அந்த அவகாசத்தை இந்த நோய் பெரும்பாலும் கொடுக்காது. என்னிடம் டாக்டர் அதை நேராகச் சொன்னார். நான் ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவள், இருந்தாலும் அன்று ராத்திரி என்னமோ போலத்தான் இருந்தது.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

சைட்டரபின் ஒரு கடல் பஞ்சிலிருந்து பிறந்த யோசனை. 1950 வாக்கில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் கரீபியன் கடலில் கிடைத்த ஒரு பஞ்சில் வினோதமான நியூக்ளியோசைடுகளைக் கண்டுபிடித்தார். டிஎன்ஏ என்பதை ஒரு எழுத்துக் கோவை என்று வைத்துக்கொண்டால் இவை அதன் எழுத்துகளைப் போலவே இருக்கும், சர்க்கரைப் பகுதி மட்டும் வேறு. அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் 1959-இல் உருவாக்கியதுதான் சைட்டரபின், 1969-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது இந்தப் போலி எழுத்தை அசல் என்று நம்பிக் கோத்துக்கொள்ளும், அதற்கு மேல் நகல் ஓடாது, செல் செத்துப்போகும்.

இதை நான் தெரிந்துகொண்டதே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த பம்பின் மேல் வந்த கோபத்தில்தான். ஏன் ஏழு நாள், அதுவும் ராத்திரி பகல் விடாமல்? ஒரே ஊசியாகக் குத்திவிட்டுப் போனால் என்ன? காரணம் இரண்டு. நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல் மட்டும்தான் ஏமாறும், சும்மா இருக்கிற செல் தப்பித்துவிடும், ஆக ஒவ்வொன்றும் நகலெடுக்க உட்காரும் நேரத்தில் மருந்து அங்கே காத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, உடம்பு இந்த மருந்தை மளமளவென்று சிதைத்துவிடுகிறது, சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் உண்டு. எனக்கு ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நாளைக்கு 100 மில்லிகிராம் கணக்கு, சிலருக்கு 200 கொடுக்கிறார்கள். இது புரிந்த பிறகு பம்பை மன்னித்தேன், அதன் சத்தத்தை மட்டும் இன்று வரை மன்னிக்கவில்லை. லைனில் ஒரு துளிக் காற்று என்றாலும் அலறும். பை தீர்ந்தால் அலறும். பாட்டரி குறைந்தாலும் அலறும். குளியலறைக்குப் போனாலும் அந்தக் கம்பத்தை இழுத்துக்கொண்டேதான் போக வேண்டும், ஆடு மேய்ப்பது மாதிரி.

டௌனோரூபிசின் வேறு ஜாதி. இத்தாலியில் காஸ்டெல் டெல் மொன்டே என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் வாழ்ந்த டௌனி மக்களின் பெயரையும், மாணிக்கக் கல்லின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். மாணிக்கம் என்பது சும்மா வைத்ததில்லை, மருந்து நிஜமாகவே அந்த நிறம்தான். சிஸ்டர் கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு சிரிஞ்சோடு வந்து நின்றபோது, இதைத் தொடவே இவர்கள் இவ்வளவு பயப்படுகிறார்களே, இது எனக்குள் போகப்போகிறதே என்று தோன்றத்தான் செய்தது. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையையே அரித்துவிடும், பிக் லைன் போட்டதற்கு முக்கியக் காரணம் அதுதான். போட்டு முடித்த பிறகு சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாக வரும். முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், அப்படியும் முதல் தடவை பார்த்தபோது அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன்.

இந்த மருந்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. இதயத்தசையைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், சதுர மீட்டருக்கு சுமார் 550 மில்லிகிராம். எனக்குக் கொடுத்தது நாளைக்கு 60, மூன்று நாளில் 180. அதாவது மூன்றே நாளில் என் ஆயுசுப் பங்கில் மூன்றில் ஒரு பாகம் தீர்ந்துவிட்டது. எக்கோ எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போய்ப் படுங்கள்.

இந்த இரண்டையும் இந்த ஏழு மூன்று கணக்கில் சேர்த்துக் கொடுத்த ஆய்வு வெளிவந்தது 1973-இல். அதாவது நான் பிறப்பதற்கும் முன்னால். ஐம்பது வருஷமாகியும் உடம்பு தாங்கும் என்று நம்பக்கூடியவர்களுக்கு முதல் அடி இன்றும் இதுதான். முதலில் எனக்கு இது கோபமாக இருந்தது, உலகம் எங்கேயோ போய்விட்டது, எனக்கு மட்டும் பழைய சரக்கா என்று. டாக்டரிடம் கேட்டே விட்டேன். "பழசுதாம்மா. ஆனா அறுபது வயசுக்குக் கீழ பத்துல ஆறிலிருந்து எட்டு பேருக்கு நோய் அடங்குது. அதைத் தாண்டுற ஒன்னு வந்தா நாங்களே மாத்திடுவோம்" என்றார். மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்டால், நான் பயந்த அளவுக்கு இல்லை. வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன, இரண்டே தடவைதான் வாந்தி. அந்த மருந்துகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அது தனிக் கதை. மூன்றாம் நாள் லேசான காய்ச்சலும் நெஞ்சில் சிவந்த தடிப்பும் வந்தன, சைட்டரபினே அப்படிச் செய்யும் என்றார்கள், ஆனாலும் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாள் காலையில் பம்பைக் கழற்றியதும் கம்பம் இல்லாமல் வார்டு வராந்தாவில் இரண்டு சுற்று நடந்தேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிள்ளைகளுக்குப் போன் போட்டு அப்படியே சொல்லவும் செய்தேன்.

மடத்தனம். அங்கேதான் ஆரம்பம்.

இந்த மருந்துக்குக் கெட்ட செல், நல்ல செல் என்ற பேதம் பெரிதாகத் தெரியாது. மஜ்ஜையைச் சுத்தமாக வழித்துவிடுகிறது. பிறகு மிஞ்சியிருக்கும் ஆரோக்கியமான தாய்ச் செல்கள் மெதுவாகத் தளிர்க்கும் வரை நீங்கள் வெள்ளணு இல்லாமல், பிளேட்லெட் இல்லாமல், சொந்த ரத்தம் என்று எதுவும் இல்லாமல் படுத்திருக்க வேண்டும். இதுதான் நீங்கள் வாங்கும் பொருள். மருந்து இரண்டும் எங்கே போட்டாலும் அதே மருந்துதான். இந்த மூன்று வாரம் உங்களை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

அக்கா ஒரு நோட்டு போட்டாள். தினமும் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், பத்து மணிக்குக் கவுன்ட் வரும், அதை அவள் கோடு போட்ட கட்டத்தில் எழுதுவாள். ஒன்பதாம் நாள் நியூட்ரோபில், அதாவது கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு, 300. பத்தாம் நாள் 100. பதினொன்றிலிருந்து இருபத்து மூன்று வரை அந்தக் கட்டத்தில் வெறும் சுழிதான். நியூட்ரோபில் 500-க்குக் கீழே போனாலே ஆபத்து, எனக்குப் பதின்மூன்று நாள் ஒன்றுமே இல்லை.

வாய்ப்புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்ப்புண் என்ற சொல் போதாது. உதட்டிலிருந்து தொண்டைக்குள் வரை தோல் உரிந்துபோய், எச்சில் விழுங்குவதற்கு முன் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வாய்க்குள் இருக்கும் தோலும் வேகமாகப் பிரிகிற செல்தானே, மருந்து அதையும் விடவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் வாய் கொப்புளிக்கச் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், அப்படியும் விடாமல் செய்யுங்கள். அந்தப் புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள், வீரம் காட்டி இரண்டு நாள் வேண்டாம் என்று மறுத்தேன், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது அந்த ராத்திரி.

பன்னிரண்டாம் நாள், இரவு இரண்டு நாற்பது. குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. அக்கா தெர்மாமீட்டர் வைத்தாள், 101.2. வெள்ளணு இல்லாத உடம்பில் காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் அது அவசரம், ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. இது எங்களுக்குத் தெரியும், முதல் வாரம் பகல் நேரத்து சிஸ்டர் ஒருவர் பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றைய இரவுப் பணிக்கு வேறு வார்டிலிருந்து வந்தவர் இருந்தார். "பாராசிட்டமால் போடுங்க, காலைல டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். அக்கா சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்று வராந்தாவில் நின்று அவள் போட்ட சத்தத்துக்கு இரண்டு அறைக்கதவு திறந்தது. பணியிலிருந்த இளம் டாக்டரை எழுப்பி, மருந்தகத்திலிருந்து மருந்து வந்து, பாட்டில் தொங்கியபோது மணி நான்கு ஐம்பது. இரண்டு மணி பத்து நிமிஷம். அதற்குள் என் ரத்த அழுத்தம் 80/50. இரண்டு நாள் தீவிரக் கண்காணிப்பில் இருந்தேன். கல்ச்சரில் வளர்ந்தது எங்கிருந்தோ வந்த கிருமி இல்லை, என் குடலிலேயே இத்தனை வருஷம் சாதுவாகக் குடியிருந்த ஒன்று. காவல் இல்லை என்றதும் வேலி தாண்டிவிட்டது.

புகார் எழுதிக் கொடுத்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், அவர்கள் அதைக் குப்பையில் போடவில்லை. புகார் கொடுத்த மூன்றாம் நாளே ஒவ்வொரு அறைக்கதவிலும் காய்ச்சல் அளவையும் அறுபது நிமிஷக் கெடுவையும் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள், முதல் பாட்டில் ஆன்டிபயாட்டிக்கை வார்டு அலமாரியிலேயே வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் எனக்கு மறுபடி காய்ச்சல் வந்தபோது 35 நிமிஷத்தில் மருந்து ஏறியது. அதே வார்டு, அதே ஆட்கள். ஒரு ராத்திரி என்னைச் சாவு வரை கொண்டுபோன இடமும், ஒரு வாரத்தில் காப்பாற்றிய இடமும் ஒன்றே என்பதால்தான் என்னால் ஒற்றை மதிப்பெண் போட முடியவில்லை.

பாராசிட்டமாலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் விஷமில்லை, ஆனால் நீங்களாகப் போட்டுக்கொண்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. பிறகு வீட்டில் இருக்கும் நாட்களில் இது இன்னும் முக்கியம். முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் மருத்துவமனைக்குப் போன், மாத்திரை அவர்கள் சொன்னால்தான்.

ரத்தம் ஏற்றுவதற்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தாள் அக்கா. பிளேட்லெட் 9 பை, சிவப்பணு 7 பை. பிளேட்லெட் 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவார்கள், காய்ச்சலோ கசிவோ இருந்தால் அதற்கு முன்பே. பையின் மேல் கதிர்வீச்சு செலுத்தியது என்ற முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் மாட்டுவார். கொடுத்தவரின் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு வந்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத என் உடம்பையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பிளேட்லெட்டை ஐந்தாறு நாளுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது. அதாவது செவ்வாய்க்கிழமை எனக்கு ஏறியது, போன வாரக் கடைசியில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்து கொடுத்தது. இப்படிப் பதினாறு பை. சிகிச்சைக்கு இடம் தேடுகிறவர்கள் கட்டிடத்தின் பளபளப்பைப் பார்க்காமல் "ஞாயித்துக்கிழமை ராத்திரி பிளேட்லெட் வேணும்னா எவ்வளவு நேரத்துல வரும்?" என்று கேளுங்கள். அடுத்ததாக அந்தக் காய்ச்சல் கேள்வி, அதையும் இரவுப் பணியில் இருப்பவரிடம் கேளுங்கள். பகல் ஆட்களுக்கு எப்போதும் பதில் தெரிந்திருக்கும்.

முடி பதினாறாம் நாள் தலையணையில் கிடந்தது. எல்லோரும் இதைத்தான் பெரிதாகக் கேட்கிறார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பட்டியலில் அது இருபதாவது இடத்தில்கூட இல்லை.

நடுவில் பதினான்காம் நாள் மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். ஊசி குத்துவது மரத்துப்போன இடத்தில், அது தெரியாது. உறிஞ்சும் அந்த இரண்டு விநாடிதான் காலுக்குள்ளிருந்து எதையோ சுருட்டி இழுப்பது மாதிரி இருக்கும், அதற்கு மரப்பு மருந்து வேலை செய்வதில்லை. மறுநாள் டாக்டர் வந்து "காலியா இருக்கு" என்றார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காலி என்பதுதான் நல்ல செய்தி என்று அவர் விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தாள். அந்த நாளில் பிளாஸ்ட் கணிசமாக மிஞ்சியிருந்தால் இன்னொரு சுற்று மருந்து உடனே போடுவார்களாம்.

இருபத்து நான்காம் நாள் நோட்டில் முதல் தடவை சுழி இல்லாத எண்: 100. அப்புறம் 200, 400, 700. வாய்ப்புண் தானாக ஆறத் தொடங்கியது, ஒரு மருந்தும் செய்யாததை நான்கு நாளில் சொந்த வெள்ளணு செய்தது. முப்பத்தொன்றாம் நாள் எடுத்த மஜ்ஜையில் பிளாஸ்ட் 2 சதவீதம். கிளம்பும் அன்று நியூட்ரோபில் 1,300, பிளேட்லெட் 1,12,000. பிளாஸ்ட் ஐந்துக்குக் கீழே, நியூட்ரோபில் ஆயிரத்துக்கு மேலே, பிளேட்லெட் லட்சத்துக்கு மேலே என்றால் ரெமிஷன். குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு ஒளிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இத்தோடு நிறுத்தினால் அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

அடுத்து என்ன என்பதை மரபணு அறிக்கைதான் தீர்மானிக்கிறது. அது வர எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. என்பிஎம்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, எஃப்எல்டி3 என்ற மரபணுவில் இல்லை. இந்தச் சேர்க்கை சாதகமான பிரிவு என்பதால் முதல் ரெமிஷனில் மஜ்ஜை மாற்று இல்லாமல் சைட்டரபினை வைத்தே முடிக்கலாம் என்றார்கள். எஃப்எல்டி3 மாற்றம் இருந்திருந்தால் எட்டாம் நாளிலிருந்து மிடோஸ்டாரின் போன்ற ஒரு மாத்திரையும் சேர்ந்திருக்கும், 2017-இல் அனுமதி பெற்றது அது. டிபி53 என்ற மரபணு கெட்டிருந்தால் இந்தக் கீமோவே அவ்வளவாக எடுபடாது. ஒரே பெயருள்ள நோய் இரண்டு பேருக்கு இரண்டு நோயாக இருக்கிறது. அதனால் என் அனுபவத்தைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் போய் எனக்கும் இதையே கொடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி உள்ளே. இந்த முறை சைட்டரபின் மட்டும், ஆனால் அதிக அளவில்: சதுர மீட்டருக்கு 1,500 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், 1, 3, 5-ஆம் நாட்களில். இப்படி மூன்று சுற்று. முன்பெல்லாம் 3,000 கொடுத்தார்களாம், இப்போது பல இடங்களில் குறைத்துவிட்டார்கள். இந்த அளவில் மருந்து கண்ணீரிலும் வரும், கண் எரிந்து சிவந்துவிடும், அதற்காக ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் விடாமல் போட வேண்டும். சிறுமூளையையும் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் சிஸ்டர் வந்து மூக்கைத் தொடு, விரலைத் தொடு, நேர்க்கோட்டில் நட என்பார், கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. மூன்று சுற்றில் பதினெட்டுக் கையெழுத்து. எழுத்து கோணினால் மருந்து நிற்கும். வங்கிக் காசோலையில்கூட நான் இவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிவிட்டு, டாக்டரை அழைத்து, முழுப் பரிசோதனை செய்து, அரை மணி நேரம் எல்லோரையும் அலைக்கழித்தேன்.

இந்தச் சுற்றுகள் முதல் சுற்றைப் பார்க்க எவ்வளவோ தேவலை. மருந்து முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கவுன்ட் இறங்குவது வீட்டில் இருக்கும்போதுதான். வசதிதான், ஆனால் இரவுப் பணி சிஸ்டர் இப்போது உங்கள் வீட்டு ஆள். அக்கா அலாரம் வைத்து எழுந்து தெர்மாமீட்டர் வைத்தாள். எனக்கு வீட்டில் ஒரே ஒரு தரம் காய்ச்சல் வந்தது.

மற்ற வழிகளைப் பற்றியும் பார்த்த அளவில் சொல்கிறேன். எதிர் அறையில் 74 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஏழு மூன்று தாங்காது என்று அசாசிட்டிடின் ஊசி ஏழு நாள், கூடவே வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை. மாத்திரையை 100, 200, 400 என்று படிப்படியாக ஏற்றுவார்கள், பூஞ்சைக்கான சில மருந்துகள் கூட இருந்தால் நேர்மாறாக நன்றாகக் குறைத்துவிடுவார்கள். வெனிட்டோகிளாக்ஸ் சேர்த்தவர்களின் ஆயுள் 14.7 மாதம், அசாசிட்டிடின் மட்டும் என்றால் 9.6 மாதம் என்று பெரிய ஆய்வொன்று 2020-இல் சொன்னது. நடுப்புள்ளிக் கணக்கு அது, பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள். முடி கொட்டவில்லை, வாய் வெந்துபோகவில்லை, அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் "உனக்கு முடிவுத் தேதி இருக்கும்மா, எனக்கு மாசா மாசம் இதுதான்" என்றார் ஒரு நாள். அவருக்கும் கவுன்ட் இறங்கியது, காய்ச்சல் வந்தது. மாத்திரை என்றாலே லேசு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏஎம்எல்லிலேயே ஏபிஎல் என்று ஒரு வகை உண்டு, அதற்கு வைட்டமின் ஏ வகை மருந்தும் ஆர்செனிக்கும்தான், வழக்கமான கீமோ இல்லாமலே பலர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். பாஷாணம் குணமாக்குகிறது, வேறென்ன சொல்ல. ஆனால் அது முதல் சில நாளில் ரத்தக் கசிவால் ஆளைக் கொண்டுபோகக்கூடியது, சந்தேகம் வந்தவுடனே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். வேறு புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சையால் ஏஎம்எல் வந்தவர்களுக்கு, இதே இரண்டு மருந்தையும் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அடைத்துத் தருகிற ஒன்று இருக்கிறது. ஜெம்டுசுமாப் என்ற இன்னொன்று 2000-இல் வந்து, 2010-இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டு, 2017-இல் குறைந்த அளவில் திரும்ப வந்தது. இவையெல்லாம் நான் எடுத்துக்கொண்டவை இல்லை, மதிப்பெண் போட எனக்குத் தகுதியில்லை.

நான் போடக்கூடியவற்றுக்குப் போடுகிறேன். மருந்து இரண்டுக்கும் ஐந்துக்கு நான்கு, ஒன்றைப் பிடித்துக்கொண்டது என் வாய்க்காக. பம்புக்கு இரண்டு. ரத்தவங்கிக்கு ஐந்து. பன்னிரண்டாம் நாள் இரவுக்குப் பூஜ்யம், பத்தொன்பதாம் நாளுக்கு ஐந்து. முன்கூட்டி விளக்கிச் சொன்னதற்கு இரண்டுதான், 26 நாளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அந்த ஒப்புதல் படிவத்தில் எனக்குப் புரிகிற மாதிரி இல்லை.

கடைசிச் சுற்று முடிந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பிஎம்1 மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்க்கிறார்கள், இதுவரை இல்லை. பிக் லைனைக் கழற்றிய அன்று வலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சிஸ்டர் அதை முழுதாக உருவி, உள்ளே எதுவும் அறுந்து தங்கிவிடவில்லை என்று உறுதிசெய்ய அளவுகோலின் மேல் நீட்டிவைத்தார். 41 சென்டிமீட்டர். "என் வயசும் அதேதான்" என்றேன். "இல்லடி, உனக்கு இப்ப நாப்பத்திரண்டு" என்றாள் அக்கா, நோட்டை மூடி பைக்குள் வைத்துக்கொண்டே.